நான் சொன்ன இருபது ‘ஆமா’

தாயி, வருகிற புதன்கிழமை ஆராய்ச்சிக்குப் புதுத் தலைப்பு எழுதிக் கொடுக்கப் போவதாக நேற்று போனில் சொன்னாய். கொடுக்காதே. இதை முழுக்கப் படித்து முடிக்கும்வரை உன் கைடு மேடத்தின் அறைப் பக்கமே போகாதே. போனில் பேசலாமே, எதற்கு இத்தனை பக்கம் என்று கேட்பாய். போனில் நீ “என்னப்பா, குரல் ஒரு மாதிரி இருக்கு?” என்று கேட்டால் போதும், “ஒண்ணுமில்ல தாயி, சாப்ட்டியா?” என்று முடித்துவிடுவேன். மூன்று தடவை அப்படித்தான் முடித்தேன். எழுதும்போது எதிரே நீ இல்லை, அந்தத் தைரியம்தான். உன் அம்மா கோயில் அன்பியத்தின் ஜெபக் கூட்டத்துக்குப் போயிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தெருவில் ஷேர் ஆட்டோ சத்தம்கூட இல்லை. நாளைக் காலை ஏழேகாலுக்குப் பள்ளிக்கூட வேன்கள் கிளம்பும். அதற்குள் இதை எழுதி முடித்து அனுப்பியாக வேண்டும்.

நீ ஆக்குபேஷனல் தெரபி படிக்கப் போகிறேன் என்றபோது எனக்கு அந்தப் பேரைச் சொல்லவே ஒரு வாரம் ஆனது. “அதுல என்னம்மா வைத்தியம்?” என்று கேட்டேன். “ஒரு மனுசன் காலைல எந்திரிச்சதுலேர்ந்து படுக்குற வரைக்கும் என்னென்ன செய்றானோ, அம்புட்டும் எங்க பாடம்ப்பா. பக்கவாதம் வந்த டெய்லர மறுபடி மிஷின்ல உக்கார வைக்கணும். சட்டைப் பொத்தான் போட முடியாதவரப் போட வைக்கணும்” என்றாய். அவனியாபுரத்தில் பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கடைசி வருஷம் ஆனர்ஸ் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று வந்தபோது நீ தேர்ந்தெடுத்தது எங்களை, வேன் ஓட்டுகிறவர்களைத்தான். சர்க்கரை இருக்கிற பள்ளி வேன் டிரைவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி எப்படி இருக்கிறது, பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் அவர்கள் எப்படி மிதிக்கிறார்கள் என்று பார்க்கப்போவதாகச் சொன்னாய். போன மாதம் லீவுக்கு வந்து, சாப்பாட்டு மேஜையில் பெரிய சார்ட்டை விரித்து, “மொதல்ல அஞ்சு பேரு, முன்னோட்டம். அது சரியா வந்தா நாப்பது பேரு” என்று கட்டம் கட்டமாகக் காட்டினாய். எனக்குப் பெருமை ஒரு பக்கம். மறுபக்கம் பயம். அது ஏன் என்று அன்றே சொல்லியிருந்தால் இன்றைக்கு நான் இப்படி உட்கார்ந்திருக்க மாட்டேன்.

நீ வருவதற்கு மூன்று மாதம் முன்னால் நடந்தது இது. கடைக்குப் போய்ப் பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். உன் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “ஏங்க, ஒத்தக் கால் செருப்பு எங்க?” என்று கேட்டாள். குனிந்து பார்த்தேன். இடது காலில் செருப்பு இருந்தது. வலது கால் வெறுங்கால். எங்கே கழன்றது என்று தெரியவில்லை. கழன்றதே தெரியவில்லை. சித்திரை வெயிலில் அந்தத் தார் ரோட்டில் அத்தனை தூரம் வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறேன், சுடவும் இல்லை. “பாதி செருப்புக்குத்தான் காசு குடுத்தேன், அதான் பாதி போயிருச்சு” என்று எகத்தாளம் பேசினேன். உன் அம்மா சிரித்தாள். சிரித்து முடித்தபிறகும் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். செருப்பு பால் கடை வாசலிலேயே கிடந்தது. அன்றிலிருந்து வார் வைத்த செருப்பு வாங்கி, குதிகாலோடு இறுக்கிக் கட்டிக்கொண்டேன். டாக்டரிடம் போகவில்லை. போனால் என்ன சொல்வார் என்று தெரியும். அதனால்தான் போகவில்லை.

இப்போது நீ என் காலைச் சோதித்த நாளுக்கு வருகிறேன். தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை, பிளாஸ்டிக் பிடியில் செருகியது. அதை வைத்துக்கொண்டு என் காலடியில் பாய் போட்டு உட்கார்ந்தாய். “கண்ண மூடிக்கங்கப்பா. இழை பட்டா ஆமான்னு சொல்லுங்க. ஒவ்வொரு கால்லயும் பத்து எடம். நடுவுல தொடாமயும் இருப்பேன், சும்மா ஆமா போட்டு ஏமாத்தலாம்னு பாக்காதீங்க” என்று மிரட்டினாய். கண்ணை மூடினேன். காத்திருந்தேன். ஒன்றுமில்லை. நீ இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றே நினைத்தேன். அப்போதுதான் உன் மூச்சு நின்றது கேட்டது.

சின்னப் பிள்ளையில் உனக்கு வீசிங் இருந்தது நினைவிருக்கும். மழைக்காலம் வந்தால் உன் நெஞ்சுக்கூடு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எப்போது இழுக்கும், எப்போது அடங்கும் என்று பக்கத்து அறையிலிருந்தே சொல்லிவிடுவேன். வீசிங் போய்விட்டது, கேட்கிற காது போகவில்லை. உனக்கே தெரியாத ஒரு பழக்கம் உனக்கு உண்டு தாயி. நுணுக்கமான வேலை செய்யும்போது மூச்சை அடக்கிக்கொள்வாய். கிறிஸ்துமஸ் குடிலுக்கு ஆட்டுக்குட்டி பொம்மையில் பஞ்சு ஒட்டுவாயே, ஒவ்வொரு துண்டுக்கும் மூச்சை நிறுத்தி, ஒட்டியபின் ‘உஸ்’ என்று விடுவாய். அன்றைக்கு என் காலடியில் உட்கார்ந்தும் அதையேதான் செய்தாய். மூச்சு நின்றது. “ஆமா” என்றேன். ‘உஸ்’ என்று விட்டாய். மறுபடி நின்றது. “ஆமா.” நீ தொடாமல் ஏமாற்றியபோது மூச்சு சாதாரணமாக ஓடியது, நானும் வாயை மூடிக்கொண்டேன். இருபது இடம், இருபது ஆமா. அதில் என் கால் சொன்னது மூன்றோ நான்கோ, அதுவும் இடது கால். மிச்சமெல்லாம் என் காது சொன்னது. நீ துள்ளி எழுந்து, “அப்பா, ஒங்களுக்கு இருபது வயசுப் பையன் காலு!” என்று என் பாதத்தைத் தட்டினாய். நீ தட்டிய சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

உன்னைக் கையாலாகாதவள் என்று நீயே நினைத்துவிடாதே. உன் மூச்சின்மேல் ஒரு தப்பும் இல்லை. அந்த மூச்சை வைத்து உன்னையே ஏமாற்றலாம் என்று நினைத்த கிறுக்கன் நான். அதோடு நிறுத்தினேனா? இல்லை. இதற்குமேல் எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

எங்கள் தொழிலில் எஃப்.சி. நாள் என்று ஒன்று உண்டு. வண்டி ஓடத் தகுதியானதுதானா என்று வருஷத்துக்கு ஒருமுறை காட்டிச் சான்று வாங்க வேண்டும். அன்றைக்குத் தீயணைப்புச் சிலிண்டர் சிவப்பாக, புதுசாக இருக்க வேண்டும். எங்கள் ஸ்டாண்டில் ஐந்து வண்டி, நல்ல சிலிண்டர் ஒன்றே ஒன்று. யாருக்கு எஃப்.சி.யோ அவன் வண்டிக்கு அது போகும், வேலை முடிந்ததும் அடுத்தவன் வண்டிக்கு மாறும். முதலுதவிப் பெட்டியும் அப்படித்தான். நீ ஆறாவது படிக்கும்போது ஒருநாள், “அப்பா, இது தங்கராசு மாமா வண்டி சிலிண்டருல்ல?” என்று கேட்டாய். “வாய மூடிட்டு உக்காரு” என்று அதட்டினேன். ஐந்து பேருக்கும் டெஸ்ட் என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான் தெரியும். எப்படியாவது பாஸாகி வண்டியை வெளியே எடுக்க வேண்டும், அவ்வளவே. நீ ஸ்டாண்டுக்கு வந்து, “இது பரீட்சை இல்ல மாமா, ஆராய்ச்சி. ஒங்க பேரு வெளிய வராது” என்று எத்தனை தடவை சொன்னாலும் எங்கள் காதில் எஃப்.சி. என்றுதான் விழுந்தது. அதனால் நீ ஸ்டாண்டுக்குச் சோதிக்க வருவதற்கு முந்தைய நாள் டீக்கடையில் நான்கு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, நானே பாடம் நடத்தினேன்.

“பாப்பா தொடும்போது மூச்ச அடக்குவா. அப்ப ஆமா சொல்லுங்க. மூச்சு ஓடுச்சுன்னா பேசாம இருங்க” என்றேன். தங்கராசுதான் தயங்கினான். “அண்ணே, பிள்ள வெவரமானது. கண்டுபிடிச்சிராது?” என்றான். “நான் பெத்த பிள்ளடா, எனக்குத் தெரியாதா?” என்றேன். அதைச் சொல்லும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன், பாரேன். பெற்ற பிள்ளையை ஏமாற்றுகிற வித்தையை ஊருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு ஒரு பெருமை எனக்கு!

மறுநாள் ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொருவர் காலையும் மடியில் தாங்கிச் சோதித்தாய். பாதத்தைத் துடைத்துவிட்டுத் தொட்டாய். தங்கராசு கண்ணை மூடிக்கொண்டு, “ஆமா... ஆமா... யாத்தே, கூசுது பாப்பா!” என்று நடிப்பைக் கொஞ்சம் தூக்கலாகவே போட்டான். நீயும் சிரித்தாய். எல்லோருக்கும் முழு மார்க். நீ ஊருக்குப் போய்க் கணக்குப் போட்டு மேடத்திடம் காட்டினாய். நேற்று போனில், “அஞ்சு பேருக்குமே பாதம் நல்லா இருக்குப்பா. பிரச்சினையே இல்லாத எடத்துல எதுக்கு ஆராய்ச்சின்னு மேடம் கேக்குறாங்க. பிள்ளைங்க கையெழுத்துப் பத்தி வேற தலைப்பு எடுத்துக்கச் சொல்றாங்க” என்றாய். உன் குரலில் ஏமாற்றம் இருந்தது. ஆனாலும், “நீங்கள்லாம் நல்லா இருக்கீங்கள்ல, அது போதும்ப்பா” என்று முடித்தாய். அந்த ஒரு சொல்தான் என்னை இந்தப் பேனாவை எடுக்க வைத்தது.

ஏனென்றால் நாங்கள் நன்றாக இல்லை. நீ ஊருக்குப் போன இரண்டாவது வாரம், ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். கண்மாய்க் கரை இறக்கத்தில் வண்டியை நிறுத்தினேன். உதவிக்கு வரும் அக்கா அன்றைக்கு லீவு. நிவேதா என்று ஒரு பிள்ளை, யு.கே.ஜி. படிக்கிறது, அங்கேதான் இறங்கும். கியரை நியூட்ரலில் போட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஹேண்ட் பிரேக் போடவில்லை. எத்தனை வருஷமாக நிறுத்துகிற இடம், என்ன ஆகிவிடப் போகிறது என்கிற திமிர். பிள்ளை இறங்கி வண்டிக்கு முன்னால் ரோட்டைக் கடக்கப் போனது. தண்ணீர் பாட்டில் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தது. எனக்கு அதன் தலை மறைந்துபோனது.

பின் சீட்டிலிருந்து எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, “அங்கிள், வண்டி போகுது!” என்று கத்தியது. எங்கே போகிறது? நான்தான் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கிறேனே! இன்னும் அழுத்தி மிதித்தேன். எஞ்சின் உறுமியது. தாயி, நான் மிதித்தது ஆக்ஸிலேட்டரை. கால் எப்போது பிரேக்கிலிருந்து நழுவியது, எப்போது பக்கத்தில் போய் நின்றது, ஒன்றும் எனக்குத் தெரியாது. குனிந்து, என் காலை என் கண்ணால் தேடி, அதைத் தூக்கிப் பிரேக்கின்மேல் வைத்தபிறகுதான் வண்டி நின்றது. அதற்குள் அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை குதித்து இறங்கி, நிவேதாவின் பையைப் பிடித்து இழுத்திருந்தது. முன் சக்கரத்துக்கு அடியில் பாட்டில் நசுங்கிக் கிடந்தது. கியரில் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் எழுத மாட்டேன். உனக்குத் தெரியும்.

இனி எழுதப்போவதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட அசிங்கம். அந்தக் குழந்தை அழவில்லை, என்ன நடந்தது என்றே அதற்குப் புரியவில்லை. பாட்டில் போய்விட்டதே என்றுதான் முகம் சுண்டியது. நான் இறங்கிப்போய், “அங்கிள் இதே மாதிரி புது பாட்டில் வாங்கித் தாரேன். வீட்ல சொல்லாத, என்ன? கீழ போட்டதுக்கு அம்மா ஒன்னய வையும்” என்றேன். தப்புச் செய்தது நான். பயத்தை அந்தப் பிள்ளையின் தலையில் கட்டினேன். “சரி அங்கிள்” என்றது. பெரிய பிள்ளையிடமும் ஏதோ சொல்லி வாயை அடைத்தேன். மறுநாளே பாட்டில் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். என்ன சொன்னேன் தெரியுமா? “என் மகளிடம் ஒரு பொய் சொல்லிவிட்டேன் சாமி” என்றேன். அதுவும் உண்மைதானே! சாமியார் இளவட்டம், நல்ல மனுஷர். பரிகாரமாக ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபத்தை மூன்று தடவை சொல்லச் சொன்னார். முழங்காலில் நின்று மூன்றையும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மனசு லேசாகிவிட்டது என்றுகூட நினைத்தேன். திங்கட்கிழமை வழக்கம்போல வண்டியை எடுத்தேன். நிவேதா ஏறி, எனக்கு நேர் பின்னால் உட்கார்ந்து, புதுப் பாட்டிலைக் காட்டி, “அங்கிள், நான் யார்ட்டயும் சொல்லலையே!” என்று காதோரம் வந்து சொன்னது. சமர்த்தாக நடந்துகொண்டதற்கு நான் பாராட்ட வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தது. அன்றைக்குப் போக வர மொத்த வழியும் என் பாதத்தைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே ஓட்டினேன். ரோட்டைப் பார்த்தேனா என்று எனக்கே சந்தேகம். சாயங்காலம் சாவியைப் பீரோவில் போட்டேன். அதற்குப்பிறகு தொடவில்லை.

அப்பா திருந்திவிட்டார் என்று நினைக்கிறாயா? பள்ளிக்கூடத்தை நடத்துகிற சிஸ்டரிடம் முட்டி வலி என்று சொன்னேன். என் வண்டிப் பிள்ளைகளைத் தங்கராசு இரண்டாவது ட்ரிப்பாக ஏற்றிக்கொள்ளட்டும் என்று நானே ஏற்பாடு செய்தேன். தங்கராசுவுக்குச் சர்க்கரை வந்தது எனக்கும் முன்னால். அது எனக்குத் தெரியும். தெரிந்தும், என் கையாலேயே நிவேதாவைத் தூக்கி அவன் வண்டியில் ஏற்றிவிட்டேன். வியாழக்கிழமை காலை தெருமுனையில் நின்று பார்த்தேன். தங்கராசு ஏறி உட்கார்ந்தான். ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் குனிந்து கீழே பார்த்தான். வண்டி கொஞ்சம் நகர்ந்தது, மறுபடி குனிந்து பார்த்தான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

நேற்று நீ போனை வைத்ததும் நேரே அவன் வீட்டுக்குப் போனேன். “தங்கராசு, என் மகமேல ஆணையாக் கேக்குறேன். அன்னிக்கு எத்தன எடம் தெரிஞ்சது?” என்றேன். டீ டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தான். “எடது கால்ல கொஞ்சம் தெரிஞ்சதுண்ணே” என்றான்.

“வலது?”

“வலது காலப் பத்திக் கேக்காதீங்கண்ணே.”

“அப்ப வண்டிய எடுக்காதப்பா. நாளைக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா...”

“எடுக்காம? நீங்க முட்டி வலின்னுட்டீங்க. நான் என்ன வலின்னு சொல்லட்டும்? அடுத்த வாரமே நானும் முட்டிய நீட்டுனா சிஸ்டரு நம்புவாங்களா? ரெண்டு பொட்டப் பிள்ள படிக்குதுண்ணே. இருபத்திரண்டு வருசமா எனக்கு ஸ்டியரிங்கு மட்டுந்தான் தெரியும்.”

“நீ சொல்லலேன்னா நான் சொல்லிருவேன்.”

டம்ளரைக் கீழே வைத்தான். அப்புறம் என் முகத்தைப் பார்த்து, “சொல்லுங்க. ஆனா மொதப் பேரா ஒங்க பேரச் சொல்லுங்க. ஆமா போடச் சொல்லிக் குடுத்தது நீங்க” என்றான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவன் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை.

அதனால் உன் ஆராய்ச்சியைப் பற்றி உன்னிடம் கொஞ்சம் கோபமாகவே பேசப் போகிறேன். திட்ட எனக்கு யோக்கியதை இல்லை, இருந்தாலும் கேட்டுக்கொள். நீ அந்தப் புரபோசலை எனக்கு வாசித்துக் காட்டினாயே, அதில் எல்லாம் இருந்தது. எத்தனை பேர், எந்தக் கருவி, எப்படிக் கணக்குப் போடுவது, பேரை எப்படி ரகசியமாக வைப்பது. ஒரு பக்கம் மட்டும் இல்லை. கால் செத்துப்போய்விட்டது என்று தெரிந்த டிரைவர் அடுத்த நாள் காலை எங்கே போவான்? அந்தப் பக்கம் எங்கே? மறுபடி மிஷினில் உட்கார வைக்கிற படிப்பு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே நீதானே! அந்தப் பக்கம் இல்லாததால்தான் ஐந்து பேர் பொய் சொன்னோம். பிள்ளைகளை ஏற்றி இறக்கிவிடும் வேலையோ, கேட்டில் நிற்கிற வேலையோ, ஏதாவது ஒன்றைப் பள்ளிக்கூடத்திடம் முதலிலேயே பேசி வாங்கு. அதை முதல் பக்கத்தில் எழுது. அப்புறம் இழையை எடு. அப்போது எவனும் உன் மூச்சைக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டான்.

இன்னொன்றும் உன் மேடத்திடம் கேள். பேரை வெளியே சொல்ல மாட்டேன் என்று எங்களிடம் கையெழுத்து வாங்கினாய். ஒருவன் காலில் உணர்ச்சியே இல்லை என்று கண்டுபிடித்து, அவன் வண்டியில் பதினெட்டுப் பிள்ளைகள் ஏறுவதையும் பார்த்தால், அந்தக் கையெழுத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வாய்? ஆள் சேர்ப்பதற்கு முன்னாலேயே இதற்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். சொந்த அப்பனை முதல் ஆளாக உட்கார வைக்காதே. தெரிந்தவன் காலை நீ தொடாதே, உன் தோழியைத் தொடச் சொல். ஃபேனைச் சத்தமாக ஓட விடு. இழை என்ன சொன்னாலும் அதோடு நிறுத்தாதே, நின்ற வண்டியில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள். காலைப் பார்க்காதே, கண்ணைப் பார். பெடலைத் தேடிக் கண் கீழே போகிறதா? செருப்பைக் குதிகாலோடு கட்டியிருக்கிறானா? முப்பது வருஷம் ஓட்டியவன் சொல்கிறேன், மறைக்க முடியாதது அதுதான். நாங்கள் கொடுத்த ஐந்து தாளையும் கிழிக்காதே. ‘என் தந்தை பொய் சொன்னார், பிறருக்கும் கற்றுக்கொடுத்தார்’ என்று எழுதி மேடத்திடம் கொடு. உனக்கு அவமானமாக இருக்கும். இருக்கட்டும். தலைப்பை மட்டும் மாற்றாதே. நீ மாற்றிவிட்டால் இந்த ஊரில் எங்கள் காலை இனி எவரும் வந்து பார்க்கப் போவதில்லை.

உன் அம்மாவிடம் நேற்றுத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் முட்டி வலியை முதல் நாளே நம்பவில்லையாம். “எந்த முட்டின்னு கேட்டதுக்கு யோசிச்சுப் பதில் சொன்னீங்க” என்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. “அந்தப் புள்ளயோட அம்மா, பாட்டில் மாறியிருக்கேன்னு கேட்டிருப்பாள்ல? அதுக்கு அந்தப் புள்ள என்ன பொய் சொல்லுச்சோ” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இதை உனக்கு மட்டும் அனுப்பலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத ஒன்று விளங்கியது. நீ சென்னையில் இருக்கிறாய். எங்களிடம் ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுத்தவள். நாளைக் காலை ஏழேகாலுக்குள் உன்னால் என்ன செய்ய முடியும்? நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. வண்டிப் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. வண்டி பத்து நிமிஷம் லேட் என்று நான் தகவல் போடுகிற குரூப். இந்தப் பக்கங்களைப் போட்டோ எடுத்து உனக்கும் அதற்கும் ஒரே நேரத்தில் அனுப்பப் போகிறேன். தங்கராசு கேட்டபடி முதல் பேர் என்னுடையதுதான். அவன் இனி என் முகத்தில் முழிக்க மாட்டான், மற்ற மூவரும் அப்படியே. சிஸ்டர் என்ன செய்வார், போலீஸ் வருமா, தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது தாயி. ஆனால் கண்மாய்க் கரையில் எஞ்சின் உறுமியபோது இருந்த பயத்துக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை.

நீ இந்த வரியைப் படிக்கிற நேரத்தில் நிவேதாவின் அம்மாவும் இதே வரியைப் படித்துக்கொண்டிருப்பார். அம்மா, நாளைக் காலை உங்கள் பிள்ளையை வண்டியில் ஏற்றாதீர்கள்.